ஹீட்டர் இருக்கட்டும், முதலில் மண்வெட்டி

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் பக்கம் 1970-களில் கட்டிய வீடு எங்களுடையது. ஒன்றரை அடிக் கருங்கல் சுவர், மேலே மங்களூர் ஓடு. வீட்டின் பின்னால் காப்பித் தோட்டச் சரிவு. பக்கவாட்டில் பத்து வருடத்துக்கு முன் செங்கல் வைத்து, தளம் போட்டு ஒரு படுக்கையறையும் குளியலறையும் சேர்த்தோம். சேலத்து வெயில் போதும் என்று அம்மாப்பேட்டையை விட்டு நிரந்தரமாக இங்கே வந்துவிட்டோம். ஐப்பசி பிறந்ததும் தொல்லை ஆரம்பித்தது. நடு அறைப் பின்சுவரில் இடுப்பு உயரத்துக்குப் பூச்சு பொருமி, உப்புப் பூத்துக் கொட்டுகிறது. சிமெண்ட் பூசி, ஓதம் தடுக்கும் பெயிண்ட் அடித்தோம். ஆறு மாதத்தில் தோல் தோலாக உரிந்துவிட்டது. புது படுக்கையறையில் மேல் மூலையிலும் பீரோவுக்குப் பின்னாலும் கறுப்பாகப் பூஞ்சணம். மாமியாருக்கு வீசிங் உண்டு; அந்த அறையில்தான் படுக்கிறார். 2000 வாட் ஹீட்டர் போட்டு கரண்ட் பில் எகிறிவிட்டது. சுவர் முழுக்க உள்பக்கம் தெர்மாகோல் ஒட்டலாம், சன்னல் இடுக்கு, வென்டிலேட்டர் எல்லாவற்றையும் அடைத்துவிடலாம் என்கிறான் மகன். செய்யலாமா?
— வாசகி, ஏற்காடு

பதில்: மகன் சொன்னதில் பாதி சரி. ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை இருக்கின்றன. உங்கள் வீட்டில் இரண்டு தனித்தனி ஓதங்கள். ஒன்றுக்கான வைத்தியம் மற்றதற்கு ஆகாது. இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் பெயிண்டுக்கும் ஹீட்டருக்கும் காசு போயிருக்கிறது.

நடு அறைப் பின்சுவரில் இருப்பது மண்ணிலிருந்து வரும் ஈரம். சரிவை வெட்டிக் கட்டிய வீடுகளில், நாளடைவில் மேலிருந்து மண் இறங்கி, பின்சுவரை ஒட்டித் தரை மட்டத்துக்கு மேலேயே நின்றுவிடும். அந்தக் காலத்துக் கல்கட்டில் ஓதத் தடுப்புப் படை பெரும்பாலும் இருக்காது. மண்ணில் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு நீர் சுவருக்குள் வருகிறது, உள்முகத்தில் ஆவியாகிறது, உப்பு படிகமாகிப் பூச்சை வெளியே தள்ளுகிறது. இடுப்பு உயரத்தில் கோடு கட்டி நிற்பது அதனால்தான். படுக்கையறை மூலையில் இருப்பது வேறு. அறைக் காற்றில் உள்ள நீராவி, குளிர்ந்த இடம் பார்த்துப் படிகிறது. அங்கே உப்பு இருக்காது. கறுப்புப் புள்ளிதான் இருக்கும்.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை. சமையலறை அலுமினியத் தாளை ஒரு அடிச் சதுரமாக வெட்டி, பெயிண்ட் இல்லாத, கையால் தொட்டால் காய்ந்திருக்கும் இடத்தில் வைத்து, நாலு ஓரமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் சுவர்ப் பக்கம் ஈரம் என்றால் நீர் சுவரிலிருந்து வருகிறது. அறைப் பக்கம் ஈரம் என்றால் காற்றிலிருந்து. இரண்டு இடத்திலும் தனித்தனியாக ஒட்டிப் பாருங்கள்.

பின்சுவர் வேலைக்கு மழை விட்ட தை, மாசிதான் நேரம். காப்பி பூக்கும் மழை இறங்குவதற்குள் குழி மூடியிருக்க வேண்டும். சுவரை ஒட்டி நிற்கும் மண்ணை, வீட்டுக்குள் இருக்கும் தரை மட்டத்துக்குக் குறைந்தது அரை அடி கீழே வரை எடுத்துவிடுங்கள். சுவரிலிருந்து இரண்டடி தள்ளி 30 செ.மீ. அகலம், 60 செ.மீ. ஆழத்தில் வாய்க்கால் வெட்டி, ஜியோ டெக்ஸ்டைல் துணி (நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் வடிகட்டித் துணி) விரித்து, இரண்டு அங்குலம் ஜல்லி பரப்பி, அதன்மேல் 110 மி.மீ. துளையிட்ட பிவிசி குழாய் போடுங்கள். துளைகள் கீழ்நோக்கி இருக்க வேண்டும். மேலே பார்த்து வைத்தால் மண் புகுந்து சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். பல கொத்தனார்கள் மேலே பார்த்துத்தான் வைக்கிறார்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். வாட்டம் நூறுக்கு ஒன்று: முப்பதடி நீளத்துக்கு 9 செ.மீ. இறக்கம். பிறகு 20 எம்எம் ஜல்லியால் நிரப்பி, துணியை மேலே மடித்து மூட வேண்டும். முப்பதடிக்குச் சுமார் 57 கன அடி ஜல்லி பிடிக்கும், அதாவது அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் கூட (ஜல்லிக் கணக்கில் ஒரு யூனிட் நூறு கன அடி). குழாயின் வாய் வீட்டைத் தாண்டி, பள்ளத்தில் திறந்திருக்க வேண்டும். எலி புகாமல் வாயில் வலை கட்டுங்கள்.

இதில் ஆபத்து ஒன்று உண்டு. பழைய கல்கட்டின் அஸ்திவாரம் சில இடங்களில் ஆழமே இருக்காது. அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டவே கூடாது. முழு நீளத்தையும் ஒரே நாளில் திறந்து போடாமல் ஆறடி ஆறடியாக வெட்டி மூடிக்கொண்டே போகச் சொல்லுங்கள். பின்னால் நிற்கும் மண் நாலடிக்கு மேல் செங்குத்தாக இருந்தால் முதலில் கல் தடுப்புச் சுவர், அதில் ஐந்தடிக்கு ஒன்றாக 75 மி.மீ. கசிவுத் துளைக் குழாய். இதற்கு மட்டும் ஒரு பொறியாளரை நேரில் அழைத்து இடத்தைக் காட்டுங்கள்.

சுவருக்கும் வாய்க்காலுக்கும் இடையில் உள்ள இரண்டடிக்கு 75 மி.மீ. கான்கிரீட், வெளிப்பக்கம் வாட்டம் வைத்து. ஓட்டு விளிம்பில் மழைநீர்த் தகடு இருக்கிறதா? நூறு சதுர மீட்டர் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஆயிரம் லிட்டர். அது விளிம்பிலிருந்து நேரே சுவரடியில் விழுந்தால் எந்த வாய்க்காலும் தாங்காது. தகடு கட்டி, குழாய் இறக்கி, வீட்டைவிட்டுத் தள்ளிக் கொண்டுபோய் விடுங்கள். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் வாய்க்காலுக்கு முன் தகடு கட்டுங்கள்.

இப்போது உள்பக்கம். சிமெண்ட் பூச்சும் ஓதப் பெயிண்டும் தோற்றதற்குத் தரம் காரணமில்லை. நீர் வரும் வழி வெளியே திறந்திருக்க, வெளியேறும் வழியை உள்ளே அடைத்துவிட்டீர்கள். அடைபட்ட நீர் பெயிண்டைத் தள்ளியது. மிச்சம் இன்னும் மேலே ஏறியிருக்கும். பொருமிய கோட்டுக்கு ஒரு அடி மேல் வரை பூச்சைக் கல் தெரியக் கொத்தி எடுங்கள். உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, பெருக்கி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு மறுபடி சுவருக்குள்ளேயே போகும். பிறகு காயவிடுங்கள். கட்டுவேலைக்காரர்கள் கணக்குப்படி சுவரின் ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம். பதினெட்டு அங்குலச் சுவர் முழுக்கக் காய ஒன்றரை வருடம் ஆகும், அதுவரை கல் தெரியத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு கோடை காயவிட்டு, சுண்ணாம்புக் காரை பூசுங்கள்; அதன் வழியாக மிச்ச ஈரம் வெளியேறிக்கொண்டே இருக்கும். நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. மணலில் ஒரு பகுதிக்குப் பதில் சலித்த செங்கல் பொடி சேர்த்தால் ஈரத்திலும் இறுகும். ஒரே கனமாக அப்பாமல் இரண்டு மூன்று படையாக, ஒவ்வொன்றும் இறுகிய பின் அடுத்தது. பத்து நாளாவது ஈரச்சாக்கு போட்டு, வெயில் நேரே படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ‘கெட்டியாக இருக்க’ என்று கொத்தனார் ஒரு சட்டி சிமெண்டைக் கலக்கப் பார்ப்பார், விடாதீர்கள். மேலே பெயிண்ட் வேண்டாம், துணியில் வடிகட்டிய சுண்ணாம்பு நீர்க்க மூன்று கை அடித்தால் போதும். சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சணம் சுலபமாகப் பிடிக்காது.

அடுத்து படுக்கையறை. 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 15 டிகிரியில் 13 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. 12 டிகிரியில் 11-க்கும் கீழே. ஹீட்டர் போட்டு அறை 20 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: காற்றில் 13 கிராம் இருக்கிறது. தளமும் சுவரும் சேரும் மூலை இரண்டு பக்கமும் குளிரை வாங்குவதால் 15 டிகிரியில் நிற்கிறது. அங்கே போன காற்றால் அந்த 13-ஐ வைத்துக்கொள்ள முடியாது, இறக்கிவிடும். பூஞ்சணத்துக்குச் சொட்டும் நீர்கூடத் தேவையில்லை. சுவர்ப்பரப்பை ஒட்டி ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் சில நாள் நின்றாலே முளைத்துவிடும். பீரோவுக்குப் பின்னாலும் இதே கதை: அறைச் சூடு அந்தச் சுவருக்குப் போய்ச் சேரவில்லை. வெளிச்சுவரிலிருந்து பீரோவை அரை அடி தள்ளி, இரண்டு அங்குலக் கட்டை மேல் ஏற்றி வையுங்கள். முடிந்தால் உள்சுவர்ப் பக்கமே மாற்றிவிடுங்கள்.

நீராவி எங்கிருந்து வருகிறது என்றால், உங்களிடமிருந்துதான். நாலு பேர் மூச்சு, சமையல், குளியல், துவைத்தல் என்று ஒரு நாளைக்கு எட்டுப் பத்து லிட்டர் நீர் காற்றில் சேரும். கேஸ் அடுப்பையும் கணக்கில் சேருங்கள்: ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் நீராவி உண்டாகிறது, 14.2 கிலோ சிலிண்டர் தீரும்போது இருபது லிட்டருக்கு மேல் வீட்டுக்குள் விட்டிருக்கும். மூட்டக் காலத்தில் துணியை அறைக்குள் கொடி கட்டிக் காயப்போட்டால் ஒரு வாளித் துணிக்கு இன்னொரு இரண்டு லிட்டர். துணி தாழ்வாரத்துக்குப் போகட்டும். மெஷினில் இரண்டாவது முறை வெறுமனே சுற்றவிட்டுப் பிழிந்தால் பாதி வேலை முடிந்தது. சமையலறையிலும் குளியலறையிலும் ஆறு அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன், குளித்த பின் இருபது நிமிடம் ஓடட்டும். கதவின் அடியில் ஒரு செ.மீ. இடைவெளி வேண்டும், காற்று உள்ளே வர வழியில்லாமல் ஃபேன் எதை வெளியே தள்ளும்?

மூட்டம் சூழ்ந்திருக்கும்போது சன்னலைத் திறந்தால் ஈரம் உள்ளே வராதா என்று கேட்பீர்கள். மார்கழியில் வராது. 14 டிகிரியில் முழுக்க ஈரமான மூட்டக் காற்றில் இருப்பது 12 கிராம்தான். உள்ளே வந்து 20 டிகிரிக்குச் சூடானால் அதன் ஈரப்பதம் 70 சதவீதம் ஆகிவிடும், உள்ளே இருந்ததைவிடக் குறைவு. எதிரெதிர் சன்னல்களைப் பத்து நிமிடம் திறந்து காற்றை மாற்றி மூடிவிடுங்கள். சுவரின் சூடு அதற்குள் போகாது. நாள் முழுக்க ஒரு விரற்கடை திறந்து வைப்பதுதான் கெடுதல். சித்திரை, வைகாசியில் கணக்கு தலைகீழ். இடி மழை ஓய்ந்த மதியம் வெளியே 24 டிகிரி, 80 சதவீதம் என்றால் அந்தக் காற்று 20 டிகிரிச் சுவரில் பட்டதுமே வியர்த்துவிடும். கருங்கல் அறைகளில் கோடையில் தரையும் சுவரும் பிசுபிசுப்பது இதனால். அப்போது விடிகாலையில் திறந்து, மதியம் மூடி வையுங்கள்.

இனி மகனின் தெர்மாகோல். கருங்கல் கனமாக இருக்கிறதே, குளிரைத் தடுக்காதா என்றால், தடுக்காது. ஒரு அங்குலத் தெர்மாகோலுக்குச் சமமாகக் கல் வைக்க வேண்டுமென்றால் சுமார் ஐந்தடிக் கனம் வேண்டும். அந்த அளவில் மகன் சொல்வது சரி. உள்பக்கம் ஒட்டுவதுதான் தவறு. ஒட்டியபின் அதன் பின்னால் உள்ள சுவர் முன்னைவிடக் குளிர்ந்துவிடும்; இணைப்பு இடுக்கு வழியே போகும் அறைக் காற்று அங்கே வியர்க்கும்; பூஞ்சணம் உங்கள் கண்ணுக்கு மறைந்து வளரும், மாமியாரின் மூச்சுக்கு மறையாது. மூடாத தெர்மாகோல் தீப்பிடித்தால் உருகிச் சொட்டி, கறும்புகையால் அறையை நிரப்பும் என்பது தனி. கல்சுவரில் எங்குமே ஒட்ட வேண்டாம்.

தளம் போட்ட அறைக்கு மேலிருந்து செய்யுங்கள். நீர்த்தடுப்புப் பூச்சுக்கு மேல் 50 மி.மீ. எக்ஸ்பிஎஸ் பலகை (தெர்மாகோலைவிடக் கெட்டியான நுரைப் பலகை), அதன்மேல் ஜியோ டெக்ஸ்டைல் துணி, அதன்மேல் வாட்டம் வைத்த காங்கிரீட் பூச்சு. பத்துக்குப் பன்னிரண்டு அறை 11 சதுர மீட்டர்; 1250-க்கு 600 மி.மீ. பலகை பதினைந்து பிடிக்கும். தளத்தின் விளிம்பு வரை போக வேண்டும், ஓரத்தில் ஒரு அடி விட்டால் அதே மூலை மறுபடி கறுக்கும். செங்கல் சுவருக்கும் வெளிப்பக்கம் பலகை பதித்து வலை கட்டிப் பூசலாம், அது அடுத்த வருஷச் செலவாக இருக்கட்டும். சேலத்தில் வெயிலுக்காக மொட்டை மாடிக்கு வெள்ளை அடிப்பார்களே, அதை இங்கே செய்ய வேண்டாம். ஏற்காட்டில் கிடைக்கிற கொஞ்சம் வெயிலையும் ஏன் திருப்பி அனுப்ப வேண்டும்?

ஓட்டுக்கூரைக்கு அடியில் மச்சு இல்லையென்றால் சூடு நேராக மேலே போய்விடும். முதலில் நகர்ந்த ஓடு, முகட்டு ஓட்டுப் பூச்சு சரிசெய்து கசிவை நிறுத்துங்கள். பிறகு மச்சு. ஜிப்சம் ஈரத்தில் ஊறித் தொங்கும்; சிமெண்ட் ஃபைபர் பலகை, அல்லது மருந்து ஏற்றிய சில்வர் ஓக் பலகை. மருந்து ஏற்றாத சில்வர் ஓக்கை வண்டு அரித்துவிடும். பலகையின் மேல் பிளாஸ்டிக் தாள், அதன்மேல் 50 மி.மீ. ராக்வுல் (கல்லை உருக்கி இழைத்த பஞ்சு). தாள் அறைப் பக்கம், பஞ்சு அதற்கு மேல். மாற்றிப் போட்டால் பஞ்சு நனையும். ஓட்டுக்கும் பஞ்சுக்கும் இடையே காற்று ஓட வேண்டும்.

சன்னல் இடுக்குகளை அடைப்பது நல்லது. ஐந்து மீட்டர் சுற்றளவுள்ள சன்னலில் ஒன்றரை மில்லிமீட்டர் இடுக்கு என்றால் 75 சதுர செ.மீ. ஓட்டை. ரப்பர் பீடிங் ஒட்டுங்கள், கதவடியில் பிரஷ் பட்டை. ஆனால் சமையலறை, குளியலறை வென்டிலேட்டர்களைத் தொடக்கூடாது. கேஸ் கீசர் குளியலறைக்குள் இருந்தால் உடனே வெளிச்சுவரின் வெளிப்பக்கத்துக்கு மாற்றுங்கள். கரி அடுப்பைப் படுக்கையறைக்குள் வைத்துக்கொண்டு ஒருபோதும் தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, மலை ஊர்களில் இப்படித் தூக்கத்திலேயே போனவர்கள் உண்டு. அறையை இறுக்கி மூட மூட இந்த ஆபத்து கூடும்.

இருக்கும் பூஞ்சணத்தைத் துடைக்கும்போது மாமியார் அந்த அறையில் இருக்கக்கூடாது. பீரோவைக் காலி செய்வதும் அப்போதே. காய்ந்த துடைப்பத்தால் தட்டினால் வித்துகள் வீடெங்கும் பறக்கும். என்95 மாஸ்க் போட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, துணியை எறிந்துவிடுங்கள். பிளீச்சிங் குளியலறை டைல்ஸுக்குச் சரி. அதோடு ஆசிட் கலந்த கழிவறைத் திரவத்தைச் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும், வீசிங் உள்ள வீட்டில் நினைத்துப் பார்க்கவே கூடாது. சுவர் காய்ந்து வேலை முடியும் வரை அவரை வேறு அறையில் படுக்க வையுங்கள்.

கடைசியாக ஹீட்டர். 2000 வாட் ஹீட்டர் நாலு மணி நேரம் ஓடினால் எட்டு யூனிட், இரண்டு மாத பில்லுக்கு 480. வீட்டு உபயோகம் அதோடு சேர்ந்து 500-ஐத் தாண்டியதும், 100-க்கு மேல் கிடைக்கும் குறைந்த விலைப் படியும் போய்விடுகிறது. உங்கள் பில் குதித்தது அங்கேதான். ஆயில் ஹீட்டர், ஹாலோஜன், ஃபேன் ஹீட்டர் எல்லாமே ஒரு யூனிட்டுக்கு ஒரே அளவு சூடுதான் தரும், கடைக்காரர் எதைச் சொன்னாலும். சூடும் தரும் இன்வெர்ட்டர் ஏசி ஒரு யூனிட்டில் சுமார் மூன்று யூனிட் சூடு தரும்; ஏற்காட்டுக் குளிர் அதற்கு லேசானது.

மாமியார் அறைக்கு அதற்கும் முன்னால் நான் வாங்கச் சொல்வது டீஹியூமிடிஃபையர், அதாவது காற்றிலிருந்து ஈரத்தைப் பிடிக்கும் மெஷின். 250 வாட் மெஷின் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 120 யூனிட். அது பிடிக்கும் ஒவ்வொரு லிட்டர் நீருக்கும் 0.68 யூனிட் சூடு அறைக்கே திரும்புகிறது, மெஷின் தின்ற கரண்டும் சூடாகவே வெளிவருகிறது; அதனால் அறை காய்ந்துகொண்டே கொஞ்சம் வெதுவெதுப்பாகும். கதவு சன்னல் மூடியிருக்கும்போதுதான் ஓட்ட வேண்டும், இல்லையென்றால் ஏற்காட்டு மூட்டத்தையே காய வைக்கப் பார்க்கும். அறை 15 டிகிரிக்குக் கீழே போனால் மெஷினுக்குள் பனி பிடித்து வேலை மந்தமாகும். முதல் அரை மணி நேரம் ஹீட்டர் போட்டு ஏற்றிவிட்டு மெஷினை ஓட்டுங்கள். ஒரு டிஜிட்டல் ஈரப்பதமானியைப் பீரோ பக்கம் வைத்து, 60-க்கும் 65-க்கும் இடையே நின்றால் மெஷினை நிறுத்திவிடலாம்.

எதை மாட்டுவதற்கு முன்னும் எலக்ட்ரீஷியனை அழையுங்கள். 2000 வாட் என்றால் கிட்டத்தட்ட ஒன்பது ஆம்பியர். 1970-களின் வயரிங் அதற்குப் போட்டதல்ல. 16 ஆம்பியர் பிளக்குக்கு மெயினிலிருந்து தனியாக 4 சதுர மி.மீ. செம்பு வயர், சரியான எர்த், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்). ஓதம் ஏறிய பின்சுவரில் இருக்கும் சுவிட்ச் பெட்டியை, சுவர் காயும் வரை, அங்கிருந்து எடுத்து உள்சுவருக்கு மாற்றிவிடச் சொல்லுங்கள்.